ரேடார் டிடெக்டரில் ஜிபிஎஸ் லாக்அவுட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலீஸ் வாகன வேகத்தை அளக்க வீசும் ரேடார் அலையைப் பிடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிதான் ரேடார் டிடெக்டர். நியூ ஜெர்சியில் ரூட் 1 நெடுஞ்சாலை வழியாக வேலைக்குப் போய்வருகிறவர் காரில் இதை மாட்டினால் முதல் நாளே தலைவலி வந்துவிடும். மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட், வங்கி என்று சாலையோரம் வரிசையாக இருக்கும் தானியங்கிக் கதவுகள் எல்லாம் அதைக் கத்தவைக்கும். இரண்டாம் வாரத்தில் காது அந்தச் சத்தத்தைக் கவனிப்பதையே விட்டுவிடும். புலி வருது புலி வருது என்று கத்திய பையனின் கதைதான். நிஜமான போலீஸ் ரேடாருக்கு டிடெக்டர் கத்தும்போதும் கால் பிரேக்குக்குப் போகாது. பொய் அலாரத்தை நான் வெறும் தொந்தரவாக நினைக்காததற்கு இதுதான் காரணம். எச்சரிக்கையின் மதிப்பையே அது அழித்துவிடுகிறது.

கதவுக்கும் போலீஸின் வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கிக்கும் டிடெக்டரால் வித்தியாசம் காண முடியாததற்கு அலைவரிசை ஒதுக்கீடுதான் காரணம். அமெரிக்காவில் போலீஸின் கே பேண்ட் (கே எனப்படும் அலைவரிசைப் பட்டை) ரேடார் 24.050 முதல் 24.250 கிகாஹெர்ட்ஸ் வரையிலான இடைவெளியில் இயங்குகிறது. பெரும்பாலான துப்பாக்கிகள் 24.150 சுற்றுவட்டாரத்தில் இருக்கும். ஆள் வருவதை ரேடாரால் உணரும் கதவு சென்சார்களுக்கு அனுமதித்திருக்கும் 24.075 முதல் 24.175 வரையிலான பகுதி அதற்குள்ளேயே விழுகிறது. பழைய எக்ஸ் பேண்டிலும் இதே கதை: 10.525 கிகாஹெர்ட்ஸில் போலீஸும் உண்டு, கதவும் உண்டு.

சிக்னல் எந்த அலைவரிசையில் வருகிறது என்பதோடு எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். கடைக்கதவு இடம் மாறாது. நேற்று இருந்த முனையில்தான் இன்றும் இருக்கும். 2000 மே மாதம் வரை இந்த யோசனையைச் சாலையில் நம்பிப் பயன்படுத்த முடியாது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. சுமார் 100 மீட்டர் வரை தவறு வரும். அந்தக் கலப்பை நிறுத்தியதும் துல்லியம் ஒரேயடியாகக் கூடியது. 2000களின் நடுப்பகுதியில் எஸ்கார்ட் நிறுவனத்தின் பாஸ்போர்ட் 9500i போன்ற டிடெக்டர்கள் ஜிபிஎஸ்ஸோடு கடைக்கு வந்தன. 'இந்த இடத்தில், இந்த அலைவரிசையில் வருவதைப் பொருட்படுத்தாதே' என்று கருவிக்குச் சொல்லிவைப்பதற்கு லாக்அவுட், அதாவது பூட்டுவது, என்று பெயர். எஸ்கார்டில் ஆட்டோலேர்ன் என்ற வசதி எதைப் பூட்டுவது என்று தானாகவே கற்றுக்கொள்ளும். யூனிடன் நிறுவனக் கருவிகளில் நாமே பட்டனை அழுத்திப் பூட்டும் மியூட் மெமரி இருக்கிறது. வாலண்டைன் ஒன் ஜென்2 என்ற டிடெக்டரில் ஜிபிஎஸ் கிடையாது. அது புளூடூத் வழியாகக் கைபேசிச் செயலியையும் கைபேசியின் ஜிபிஎஸ்ஸையும் நம்பியிருக்கிறது.

லாக்அவுட் போடுவது என்றால் சாலையில் ஒரு துண்டுக்குக் கருவியின் காதை நாமே பொத்துகிறோம் என்று பொருள். இதை மறப்பதால்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் முறை கேட்டதுமே பூட்டுவது

இதை நானே செய்திருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாலத்தைத் தாண்டியதும் இரண்டு நாள் தொடர்ந்து கே பேண்ட் சிக்னல் வந்தது. எதிரே ஒரு பெட்ரோல் பங்க் இருந்ததால் அதன் கடைக்கதவுதான் என்று முடிவுகட்டி லாக்அவுட் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் புதருக்குப் பின்னால் போலீஸ் கார் நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். டிடெக்டர் மூச்சுவிடவில்லை. அந்த இரண்டு நாள் காலையிலும் கேட்ட சிக்னல் அதே காரினுடையதுதான் என்பது அப்போது புரிந்தது. காலையில் ஒரே நேரத்தில் போகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்க நிற்கும் போலீஸ் காரும் வழக்கமான நேரத்தில் வழக்கமான இடத்தில்தான் நிற்கும்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: வேலைநாள் காலை, இரவு பத்து மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை விடியல் என்று மூன்று வெவ்வேறு பொழுதுகளில் அந்த இடத்தைக் கடப்பேன். மூன்றிலும் அதே அலைவரிசை அதே இடத்தில் வந்தால், கதவையும் கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம்தான் பூட்டுவேன். தானாகக் கற்கும் கருவியும் பல தடவை கடந்த பிறகுதான் பூட்டும். ஆனால் தினமும் எட்டு மணிக்கே கடந்தால், எட்டு மணி உலகத்தை மட்டும்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

கேஏ பேண்டைப் பூட்டுவது

இதைச் செய்யவே செய்யாதீர்கள். 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேஏ பேண்டில் கடைக்கதவுகள் கிடையாது. அங்கே 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று இடங்களைச் சுற்றித்தான் போலீஸ் துப்பாக்கிகள் இயங்குகின்றன. எப்போதாவது பக்கத்துக் காரில் இருக்கும் மட்டமான டிடெக்டரே அலைகளைக் கசியவிட்டு உங்கள் கருவியைக் கேஏ என்று கத்தவைக்கும். அந்தக் கார் போய்விடும். நீங்கள் போட்ட பூட்டு அங்கேயே கிடக்கும்.

நகரும் மூலத்தை இடத்தோடு கட்டுவது

இன்றைக்குப் பொய் அலாரத்தில் பெரும்பகுதி கடைக்கதவுகளால் வருவதில்லை, பக்கத்தில் ஓடும் கார்களால் வருகிறது. கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டு வண்டிகளைப் பற்றிய பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கைக்காகப் பம்பருக்குள் வைத்திருக்கும் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் கே பேண்டிலேயே விழுகிறது. நெடுஞ்சாலையில் அப்படியொரு கார் நமக்கு முன்னால் பத்து மைல் போனால் பத்து மைலுக்கும் டிடெக்டர் அழும். எரிச்சலில் மியூட் பட்டனை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு இடத்தையும் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பூட்டுகளால் நாளை ஒரு பயனும் இல்லை. கார் வேறு எங்கோ இருக்கும். பூட்டிய இடங்களில் மட்டும் ஓட்டை ஓட்டையாகக் கேட்கும் திறன் குறைந்திருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு ஜிபிஎஸ் மருந்தாகாது. இத்தகைய கார் ரேடார்களை வடிகட்டும் கே ஃபில்டரைக் கருவியில் இயக்கி, மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதுதான் வழி. புதிய கார்கள் 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவருகின்றன. அந்த அலைவரிசையை டிடெக்டர் கேட்பதே இல்லை என்பதால் இந்த இரைச்சல் மெல்லக் குறையும். நெடுஞ்சாலைக் கம்பங்களில் போக்குவரத்தை எண்ணும் கே பேண்ட் சென்சார்கள் வேறு வகை. அவை நகராதவை, ஆகவே அவற்றைப் பூட்டலாம்.

வெயிலையும் குளிரையும் கணக்கில் எடுக்காதது

'போன வாரம் பூட்டிய கதவு இன்று மறுபடி கத்துகிறதே, கருவி கெட்டுவிட்டதா?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கெடவில்லை. கதவு சென்சாரின் அலைவரிசை வெப்பநிலைக்கேற்பச் சில மெகாஹெர்ட்ஸ் நகரும். ஆகஸ்ட் மதியத்தில் பூட்டியது ஜனவரி காலையில் கொஞ்சம் தள்ளி வரும். அதே இடத்தில் இன்னொரு பூட்டைப் போட்டால் போதும். இதற்கு மாற்றாக, பூட்டின் அலைவரிசை அகலத்தைப் பெரிதாக விரிக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. அதை நான் தொடுவதில்லை. அகலம் கூடக் கூட, கதவுக்கு எதிரே நிற்கும் போலீஸ் ரேடாரும் அந்தப் போர்வைக்குள் வந்துவிடும்.

குறைந்த வேக மியூட்டைத் தாராளமாக வைப்பது

மணிக்கு இத்தனை மைலுக்குக் கீழே போனால் கத்தாதே என்றும் ஜிபிஎஸ் வழியாகச் சொல்லலாம். பார்க்கிங்கில் ஊர்ந்துபோகும்போது இது பெரிய வரம். பலர் அமைதி வேண்டும் என்று இதை 35 மைலில் வைத்துவிடுகிறார்கள். இந்த ஒரு தவறுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடப் பகுதி வேக வரம்பு 25 மைல். பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் நீங்கள் 33இல் போய்க்கொண்டிருந்தால், வேகத்தைக் குறை என்று நினைவூட்டியிருக்க வேண்டிய கருவி அப்போது வாய்மூடி இருக்கும். 20க்கு மேல் வைக்காதீர்கள்.

ஜிபிஎஸ் தயாராகும் முன் கிளம்புவது, எக்ஸ் பேண்டை ஒட்டுமொத்தமாக அணைப்பது

அடித்தள கேரேஜிலிருந்து வெளியே வந்ததும் செயற்கைக்கோள்களைப் பிடிக்கக் கருவிக்கு நேரம் வேண்டும். அதுவரை பூட்டிய இடங்களிலும் அது கத்தும். அந்த அவசரத்தில் மறுபடி பூட்டாதீர்கள். முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் ஜிபிஎஸ், ரேடார் இரண்டுமே பலவீனமாகும். பூச்சில்லாத சிறு இடைவெளியைத் தேடி அங்கே மாட்டுங்கள். கைபேசிச் செயலியை நம்புகிறவர்கள் பேட்டரி சேமிப்பு அதைப் பின்னணியில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ் பேண்டைப் பல மாநிலங்களில் அணைத்துவிடலாம்தான். ஆனால் நியூ ஜெர்சியிலும் ஒஹையோவிலும் சில ஊர்க் காவல்துறைகள் பழைய எக்ஸ் பேண்ட் துப்பாக்கிகளை நெடுங்காலம் கைவிடவில்லை. இங்கே அதை அணைப்பதைவிட, கதவு கதவாகப் பூட்டுவதே நல்லது.

ஐ-95 நெடுஞ்சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு ஒரு விஷயம். வாஷிங்டன் டிசியிலும் வர்ஜீனியாவிலும் டிடெக்டர் பயன்படுத்துவது சட்டவிரோதம். மியூட் செய்தால் போதாது. எல்லைக்கு முன்பே மின்இணைப்பைப் பிடுங்கி, கைக்கு எட்டாதபடி டிக்கியில் வைத்துவிடுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும், 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு எந்த மாநிலத்திலும் அனுமதி இல்லை.

மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் பூட்டுகளை நகலெடுக்க வழி இருந்தால் எடுத்துவிடுங்கள். கருவியைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்ப நேர்ந்தால் மாதக்கணக்கில் சேர்த்தது ஒரு நொடியில் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைத் திறந்து பார்ப்பதும் என் வழக்கம். மூடிய கடை, இடித்த கட்டடம், இனி நாம் போகாத வழி என்று ஏதாவது கண்ணில் படும். போன டிசம்பரில் பார்த்தபோது, மூடிப்போன ஒரு மின்சாதனக் கடையின் வாசலுக்கு மட்டும் நான்கு பூட்டுகள் இருந்தன. அந்த நான்கையும் அழித்தேன்.