நடைபாதை முப்பரிமாண ஓவியத்துக்கு ஒரு நூல் போதும்
நாகர்கோவிலிலோ கன்னியாகுமரிக் கடற்கரையிலோ நடைபாதையில் முப்பரிமாணத் தோற்றம் தரும் சாக்பீஸ் ஓவியம் வரைய விரும்புவோர், பார்வையாளர் நிற்க வேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்து, அங்கே நட்ட கம்பில் கண்ணுயரத்தில், அதாவது சுமார் 150 செ.மீ. உயரத்தில், ஒரு நூலைக் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து 3 மீட்டர் தொலைவில் 50 செ.மீ. உயரப் பெட்டி நிற்பதுபோல் காட்ட வேண்டுமானால், உண்மையான பெட்டியொன்றை அங்கே வைத்து, அதன் முன்பக்க மேல்மூலைகளை உரசிச் செல்லுமாறு நூலை இழுத்து, அது தரையைத் தொடும் புள்ளிகளைக் குறிக்கலாம். அவை கம்பிலிருந்து 4.5 மீட்டரில் விழும். அரை மீட்டர் உயரம் தரையில் ஒன்றரை மீட்டராக நீள்வதும், மேல்விளிம்பு ஒன்றரை மடங்கு அகல்வதும் அருகில் நிற்பவருக்குக் கோணலாகவே தெரியும். வேடிக்கை பார்ப்பவர்கள் (நிச்சயம் யாராவது சொல்வார்கள்) குறை கூறினாலும் கோட்டைத் திருத்த வேண்டாம்.

சூரிய அஸ்தமனத்துக்குக் கூடும் கூட்டத்துக்காக வரைந்தால், பெட்டியின் நிழலைக் கிழக்கு நோக்கித் தீட்டுவது அவசியம். இரு கண்களாலும் பார்க்கும்போது தரையின் தட்டைத்தன்மை எளிதில் புலப்பட்டுவிடுவதால், கம்பு இருந்த இடத்தில் நின்று ஒரு கண்ணை மூடியோ, கைப்பேசிக் கேமரா வழியாகவோ பார்க்கச் சொல்லுங்கள். இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் என்பதால், பிப்ரவரி மாதம் இதற்கு ஏற்றது.