யாழ்ப்பாணத்திலிருந்து உலக முடிவுக்கு: ஹோட்டன் சமவெளியை ஒரு காலையில் சுற்றி வர

மேடு பள்ளமே இல்லாத ஊரில் வளர்ந்த எங்களுக்கு மலை என்றதும் முதலில் வரும் கேள்வி, கால் தாங்குமா என்பதுதான். நுவரெலியாவுக்கு அருகே மலைமேல் இருக்கும் ஹோட்டன் சமவெளிக்கு அந்தப் பயம் வேண்டாம். வாகனமே ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரம் வரை கொண்டுபோய் விடும், பிறகு நடப்பது 9 கிலோமீற்றரை விடச் சற்றுக் கூடிய ஒரு சுற்றுப் பாதை, ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் ஆறுதலாக நடந்தால் வீட்டில் உள்ள அம்மா, அப்பாவும் வரலாம். அங்கே ஆளை ஏமாற்றுவது நேரம்தான்.

வெயில் ஏற ஏற கீழேயுள்ள ஈரக்காற்று சூடாகி மலைச்சரிவால் மேலே வரும். 9, 10 மணிக்குப் பிறகு பெரும்பாலும், உலக முடிவு என்ற செங்குத்தான மலை விளிம்பிலிருந்து தெரியும் காட்சியை மூடுபனி மறைத்துவிடும், இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் தெரியாது. அதனால் இரவு பஸ்ஸில் போய் இறங்கி அப்படியே நடக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஏ9 வீதியால் கண்டிக்கே 300 கிலோமீற்றருக்கு மேல், அதற்குப் பிறகு நுவரெலியாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதை. முதல் நாளே நுவரெலியா போய்ப் படுத்து எழும்புங்கள். வாடகைக்குப் பிடிக்கும் வான் வண்டியைக் காலை நாலரைக்கு வரச் சொல்லுங்கள், முப்பது கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனால் மலைப்பாதையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வாசல் 6 மணிக்குத் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம், உள்நாட்டு ஆட்களுக்குக் கட்டணம் மிகவும் குறைவு.

பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கள், பருத்தித்துறை வடையைச் சின்னப் பனையோலைப் பெட்டியில் போட்டால் நொறுங்காமலும் வரும். தண்ணீரை, கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கும் போத்தலில் கொண்டுபோங்கள்.

குளிரை லேசாக நினைக்காதீர்கள். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி கிடக்கும், இரண்டு மணித்தியாலத்தில் அதே இடத்தில் வெயில் சுடும். தடித்த ஒரே கோட்டை விட, கழற்றிக் கழற்றிப் பையில் வைக்கக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. செருப்பு வேண்டவே வேண்டாம், பாதையில் கல்லும் வேரும் ஈரமும் உண்டு, பிடிப்புள்ள சப்பாத்துப் போடுங்கள்.

சரி, எந்தப் பக்கத்தால் சுற்றுவது? பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். முதலில் அது, பிறகு பெரிய உலக முடிவு, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி. நீர்வீழ்ச்சிக்கு மூடுபனியால் ஒரு குறையும் இல்லை, உலக முடிவுக்குத்தான் தெளிந்த வானம் வேண்டும். அங்கே நிலம் ஏறத்தாழ 880 மீற்றர் நேரே கீழே விழுகிறது. கீழே தேயிலைத் தோட்டங்கள், குட்டி ஊர்கள், வானம் நன்றாகத் தெளிந்தால் தெற்குக் கரையே தெரியும். விளிம்பில் ஏறி நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம், பிள்ளைகளின் கையை விட வேண்டாம். நீர்வீழ்ச்சியிலும் பார்ப்பதோடு நில்லுங்கள், இறங்கிக் குளிக்கக் கூடாது.

மரைகள் என்ற பெரிய மான்கள் வாகனத் தரிப்பிடம் வரைக்கும் வரும். ஆசையாக இருக்கும், ஆனால் ஒன்றும் கொடுக்காதீர்கள், மனிதரின் சாப்பாட்டுக்குப் பழகுவது அதற்குக் கெடுதல். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்தச் சமவெளிப் பக்கத்திலிருந்துதான் தண்ணீர் போகிறது, ஓடையில் கைகூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம்.

நின்று பார்த்து நடந்தால் மூன்றரை, நான்கு மணித்தியாலம். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள்தான் கஷ்டம், ஒரு தடி உதவும். முற்பகல் பதினொரு மணிக்குள் வாகனத்துக்குத் திரும்பினால், மத்தியானச் சாப்பாட்டை நுவரெலியாவில் முடித்துக்கொண்டு கண்டிக்கு இறங்கி, இரவு யாழ்ப்பாண பஸ் எடுக்க நேரம் தாராளமாக இருக்கும்.