எந்தத் தட்டு ஓடுது? ஜாஸ் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் எல்பி இசைத்தட்டில் ஜாஸ் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அஸ்தம்பட்டியில் ஒருவர், செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர், மலைமேல் காப்பித் தோட்டத்து வீட்டில் இன்னொருவர் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். புதுத் தட்டு வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். அதனால் “இப்ப என்ன தட்டு கேட்டுட்டு இருக்கீங்க?” என்ற கேள்விக்கு எங்களுக்குள் தனி மரியாதை உண்டு. ஒருவர் சொல்லும் பதிலை நம்பித்தான் இன்னொருவர் கைக்காசைப் போட்டு அடுத்த தட்டை வாங்குகிறார். அந்தப் பதிலில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சில உண்டு.

பெரிய தவறு, உறையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வது. “அண்ணா, கைண்ட் ஆஃப் புளூ ஓடுது” என்று ஒருவர் செய்தி அனுப்புகிறார். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டுத் தட்டு அது. ஜாஸ் கேட்கிற வீட்டில் அநேகமாக ஒரு பிரதி இருக்கும். படத்தைப் பார்த்தவருக்கு அதில் புதிதாக என்ன கிடைத்தது? அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “முதல் பக்கத்துல ரெண்டாவது பாட்டையும் மூணாவது பாட்டையும் அடுத்தடுத்து கேளுங்க. பியானோ கை மாறுது.” ரெண்டாவதான ஃப்ரெடி ஃப்ரீலோடரில் மட்டும் பியானோவில் வின்டன் கெல்லி இருக்கிறார். அவர் விரல் துள்ளும், புளூஸ் வாசம் தூக்கலாக இருக்கும். அடுத்து வரும் புளூ இன் கிரீனில் பில் எவன்ஸ். ஒவ்வொரு சுரமும் தயங்கித் தயங்கி வந்து உட்காரும். அந்தப் பாட்டில் ஆல்டோ சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி வாசிக்கவே இல்லை, டெனார் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன் மட்டும்தான். இதைக் கேட்டவர், பத்து வருஷமாக வீட்டில் இருக்கும் தட்டையே அன்றைக்கு இரவு புதிதாகப் போட்டுக் கேட்பார்.

குழுத் தலைவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். ஒரு கச்சேரியைப் பற்றிப் பேசும்போது வயலின் யார், மிருதங்கம் யார் என்று கேட்காமல் விடுவோமா? ஜாஸில் அந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அங்கே உடன் வாசிப்பவர்தான் பல நேரம் பாட்டின் போக்கையே திருப்புகிறார். பெயர்கள் எல்லாம் பின்னுறையிலேயே அச்சாகியிருக்கும். முன்னுறை படத்தோடு அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.

அடுத்தது நம் ஊர்ப் பாசத்தால் வரும் தவறு. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958இல் சென்னைக்கு வந்து வாசித்தார். மறு வருஷம் அவருடைய டைம் அவுட் தட்டு வந்தது. அதில் டேக் ஃபைவ் என்ற பாட்டு ஐந்து எண்ணிக்கை, புளூ ரோண்டோ அ லா துர்க் ஒன்பது எண்ணிக்கை. உடனே “நம்ம தாளத்தைக் கேட்டுத்தான் போட்டார்” என்று தட்டோடு சேர்த்துக் கதையும் கைமாறிவிடுகிறது. புளூ ரோண்டோவின் தாளத்தை அவர் இஸ்தான்புல் தெருவில் வாசித்த கலைஞர்களிடம் கேட்டார். டேக் ஃபைவ் அவர் எழுதியதே இல்லை, சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் எழுதியது. ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு போடத் தெரிந்த கைக்கு அந்தப் பாட்டு சட்டென்று பிடிபடும் என்பது உண்மைதான். ஆனால் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாகப் பிரியும், டேக் ஃபைவ் மூன்றும் இரண்டுமாகப் பிரியும். கையில் போட்டுப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியும். இதைச் சொல்லித் தட்டைக் கொடுத்தால் கேட்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

நிஜமாகவே நம் பக்கத்துத் தொடர்பு வேண்டுமென்றால் ஆலிஸ் கோல்ட்ரேனின் ஜர்னி இன் சச்சிதானந்தா இருக்கிறது. 1971இல் வந்தது. பெயருக்குரிய சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துக்காரர், நம் கொங்கு மண். அதையும் ‘தம்புரா வருது, பக்திப் பாட்டு’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். செசில் மக்பீயின் பாஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) திருப்பித் திருப்பி ஒரே அடியைப் போட்டுக்கொண்டிருக்க, அதன்மேல் ஆலிஸின் ஹார்ப்பும் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனும் ஏறி இறங்குகின்றன. முதலில் அந்தப் பாஸைப் பிடித்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வருஷக் கணக்கு. உறையில் 1959 என்று இருந்தால் கையில் இருப்பது 1959இல் அச்சான தட்டு என்று அர்த்தமில்லை. பதிவான வருஷம் ஒன்று, அந்தப் பிரதி அச்சான வருஷம் வேறு. கடைசிப் பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே எண்ணும் எழுத்தும் கீறியிருக்கும். புளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் தட்டுகளில் சவுண்ட் என்ஜினியர் ரூடி வேன் கெல்டரின் பெயரோ பெயரின் முதலெழுத்துகளோ இருந்தால், அந்த அச்சுக்கு மூலத் தட்டை வெட்டியவர் அவரே. அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்வது வீண் பெருமை ஆகாது. கைண்ட் ஆஃப் புளூவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தைப் பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டி எடுத்த பழைய அச்சுகளில் அந்தப் பக்கம் முழுக்க சுருதி அரைக் கட்டைக்கும் குறைவாக ஏறி ஒலிக்கும். 1990களில்தான் திருத்தினார்கள். ஒரே தட்டைக் கேட்டதாக நினைத்து இரண்டு பேர் சுருதிக்காகச் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். கொல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அச்சிட்ட தட்டு என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

சுருதி என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ டர்ன்டேபிள் கொண்டுவருவது இப்போது சகஜம். 110 வோல்ட் கருவி என்பதால் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டிவிடுகிறோம், விளக்கும் எரிகிறது, தட்டும் சுற்றுகிறது. ஆனால் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் ஹெர்ட்ஸையே நம்பி ஓடும் ஏசி மோட்டாராக இருந்தால் 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28க்கும் கீழே ஓடும். 20 நிமிஷப் பக்கம் 24 நிமிஷமாக நீளும். 5 கட்டையில் ஒலிக்க வேண்டியது 3 கட்டைக்கு இறங்கிவிடும். அதைக் கேட்டுவிட்டு “கோல்ட்ரேன் தொனி என்ன கனமா இருக்கு!” என்று சொன்னால், கேட்பவரும் அதையே நம்பி வாங்குவார். சோதிக்கச் சுலபமான வழி உண்டு: சுற்றும் தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை வைத்து எண்ணுங்கள். 3 நிமிஷத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். வரவில்லை என்றால், மோட்டார் ஒரு பெல்ட்டால் தட்டைச் சுற்றும் பெல்ட் டிரைவ் மாடல்கள் சிலவற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) தனியாகக் கிடைக்கும். அடாப்டரில் ஓடும் டிசி மோட்டார் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தட்டைக் கைமாற்றும்போது மூன்று விஷயம். சேலத்துச் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் தட்டை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எல்பியின் பிவிசி 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளக ஆரம்பிக்கும், நெளிந்தால் நெளிந்ததுதான். ஏற்காட்டில் பகை வேறு. மழைக்கால ஈரத்தில் அட்டை உறை பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். சுவரை ஒட்டி அடுக்காமல், படுக்க வைக்காமல், நிமிர்த்தி வையுங்கள். கடன் கொடுக்கும் முன் எதிராளியின் ஊசி எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசியைத் தாங்கும் இன்றைய கார்ட்ரிட்ஜ் 2 கிராம் அளவில் அழுத்தும். அப்பா காலத்துப் பெட்டி பிளேயரில் அதுபோலப் பல மடங்கு அழுத்தம், ஊசியும் தேய்ந்திருக்கும். ஒரே ஓட்டத்தில் மேல்ஸ்தாயிச் சுரங்கள் கரகரத்துவிடும்.

கடைசியாக, கூடிக் கேட்கும்போது நடப்பது. பாஸ் சோலோ வந்தால் பேச ஆரம்பித்துவிடுகிறோம். சத்தம் குறைந்ததும் பாட்டு ஓய்ந்துவிட்டது என்று மனசு நினைத்துக்கொள்கிறது. பாஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ் வில்லைப் போட்டு வாசிக்கும் இடங்கள் இப்படித்தான் காதில் விழாமலே போகின்றன. ஒரு பக்கம் 20 நிமிஷத்துக்குப் பக்கம்தான். காப்பி கொடுப்பது, விலை கேட்பது, யாரிடம் வாங்கினீர்கள் என்று விசாரிப்பது எல்லாவற்றையும் தட்டைத் திருப்பிப் போடும் நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.