சித்திரைக்கு முன் வீட்டையும் உடலையும் புதுப்பித்தல்

மாரி மழை ஓய்ந்த பின்பும் மட்டக்களப்பு வீடுகளின் அலுமாரிகளிலும் பன்பாய்களிலும் ஈரவாடை தங்கிவிடுவதால், பங்குனி வெயிலை வீணாக்காமல் பாய், தலையணை, பெட்டகத்துத் துணிகள் ஆகியவற்றைக் காலையிலேயே முற்றத்தில் விரித்து, நண்பகலில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். பூஞ்சணம் பிடித்த பலகையைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். வாசனைத் திரவம் வாடையை மறைக்குமே தவிர பூஞ்சணத்தை நீக்காது.

உடலுக்கு இலைக்கஞ்சி நல்லது. அரிசி குழைந்த பின்னரே வல்லாரை, முசுட்டை இலைச்சாற்றையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றி, ஒரு கொதியோடு இறக்கினால்தான் பச்சை நிறம் கெடாது.

மனதுக்கு, தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, மாலையில் கல்லடிப் பாலத்தருகே வாவிக்காற்றில் நடந்து வரலாம்.

புத்தாண்டன்று கோயிலில் பெறும், மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து நீராடுங்கள். சிறுவர்களுக்குக் கண்ணில் வழியாதபடி உச்சியில் சிறிதளவு வைத்தால் போதும்.