உள்நாட்டுப் போருக்குப் புதிதாக வருகிறீர்களா? துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரை உடை, ஆயுதம், கூடாரம் சகிதம் மறுபடி நடத்திக் காட்டும் குழு ஒன்றில், வடக்குத் தரப்புக் காலாட்படைச் சிப்பாயாக இருக்கிறேன். பென்சில்வேனியா பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர், அந்தப் போரின் பெரிய சண்டை ஒன்று நடந்த கெட்டிஸ்பர்க்கில் எங்கள் நிகழ்ச்சியை வேடிக்கை பார்த்துவிட்டு, நாங்களும் சேரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் வரிசையாகச் சறுக்குகிறார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்று, கூலிங் கிளாஸ் வேண்டாம், போனை ஒளித்து வை என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துப்பாக்கியை முதலில் வாங்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது.

போன கோடையில் ஒரு தம்பி புதுத் துப்பாக்கியோடு வந்து இறங்கினார். பித்தளை பளபளப்பு, கைக்கு அடக்கமான நீளம், விலையும் கொஞ்சம் சல்லிசு. முகாம் ஓரத்தில் கடை போடும் வியாபாரி ஒருவர், ‘அசல் போர்க்கால மாடல், எந்த ரெஜிமென்ட்டிலும் செல்லும்’ என்று சொல்லித் தலையில் கட்டியிருக்கிறார். எங்கள் சார்ஜென்ட் அதைக் கையில்கூட வாங்கவில்லை. குழலை மரக்கட்டையோடு பிடித்திருக்கும் பட்டைகளை விரல் நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு. மூன்றாவது இல்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அது ரெமிங்டன் கம்பெனியின் 1863 மாடலான ‘ஸுவாவ்’ ரைஃபிளுக்கு இத்தாலியில் செய்த நகல். குழல் 33 அங்குலம். அந்தப் போரில் காலாட்படை பெரும்பாலும் தூக்கியது 1861 ஸ்பிரிங்ஃபீல்டு, இல்லாவிட்டால் இங்கிலாந்திலிருந்து வந்த 1853 என்ஃபீல்டு. முன்னதன் குழல் 40 அங்குலம், பின்னது 39. இரண்டுக்கும் மூன்று பட்டை. ஸுவாவ் களத்தில் பரவலாக வழங்கப்பட்டதற்குச் சான்றே இல்லை. சரி, அதைக்கூட மன்னிக்கலாம்.

‘ஏழு அங்குலம் குறைந்தால் என்ன குடி முழுகிப் போகிறது?’ என்றார் தம்பி. அணி இரண்டு வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி நிற்கும். பின்வரிசைக்காரர் முன்னால் நிற்பவரின் வலத் தோளுக்கு மேலே குழலை நீட்டிச் சுடவேண்டும். நாம் குண்டு போடுவதில்லை, கருமருந்து மட்டும்தான். ஆனால் அந்த மருந்தின் நெருப்பும் சத்தமும் நிஜம். நீளக் குழலின் வாய் முன்னவரின் முகத்தைத் தாண்டிப் போய்விடும். குட்டைக் குழலின் வாய் அவர் காதருகிலேயே நின்றுவிடும். முன்னால் நிற்பது நீங்களாக இருந்தால் சம்மதிப்பீர்களா? அதனால்தான் பல குழுக்கள் இரண்டு பட்டைத் துப்பாக்கியை வரிசைக்குள் விடுவதே இல்லை.

தம்பி கடைக்குத் திரும்ப ஓடினார். ‘ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டீர்களே’ என்று கையை விரித்துவிட்டார் வியாபாரி. விற்கும்போது, எந்தக் குழுவில் சேரப்போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? அடுத்த வாரம் இன்னொரு புதியவருக்கும் அதே சரக்கைத்தான் காட்டுவார்.

ஆகவே, முதலில் குழுவைப் பிடியுங்கள். பெரும்பாலான குழுக்களில் புதியவர்களுக்கு இரவல் கொடுக்கக் கோட்டும் துப்பாக்கியும் இருக்கும். ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளுக்கு அதிலேயே ஓட்டுங்கள். ஷூவை மட்டும் சீக்கிரம் வாங்கிவிடலாம், அடுத்தவர் அளவு நம் காலுக்குச் சரிப்படாது. அப்புறம் கால்சட்டை, கோட்டு. ஆயிரம் டாலரைத் தாண்டும் துப்பாக்கி கடைசியில். அதையும் சார்ஜென்ட்டிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.

கெட்டிக்கும் கம்பியை உருவுவது

மருந்தைக் குழலுக்குள் இடித்து இறுக்கும் நீளக் கம்பி அது. சண்டை நடக்கும்போது உருவவே உருவாதீர்கள். குழலுக்குள் மறந்துவிட்டுச் சுட்டால் அது ஈட்டி.

உள்ளே நைலான் பனியன்

ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் வேர்க்கும் என்று பயந்து, விளையாட்டுக்குப் போடும் பனியனைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தீப்பொறி பட்டால் கம்பளி கருகி அணைந்துவிடும். நைலான் உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சட்டை போதும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள்.

முதல் வேட்டிலேயே சாவது

பார்க்க வந்தவர்கள் பாவம். விழுவதற்கு முன் தரையைப் பாருங்கள், எறும்புப் புற்று இருக்கும். இடுப்புத் தோட்டாப் பெட்டிமேல் விழுந்தால் விலா எலும்பு சொல்லும்.

நிறத்துக்காகக் கதை கட்டுவது

‘இந்தப் படையில் உங்களைப் போன்றவர்கள் இருந்தார்களா?’ என்று பார்வையாளர்கள் கேட்பார்கள். உடனே ஒரு கற்பனைத் தாத்தாவை நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேற்றி விடுகிறார்கள் நம்மவர்கள். தேவையே இல்லை. சீனாவில் பிறந்த ஜோசப் பியர்ஸ் 1862-ல் 14-வது கனெக்டிகட் காலாட்படையில் சேர்ந்தார், கெட்டிஸ்பர்க்கிலும் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் ஊர் எது என்று கேட்டால் ஊரையும் சொல்லுங்கள், நடிப்புக்கு ஒரு பங்கமும் வராது.

வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்பது

கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து, ஒரே ராத்திரியில் குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். மருந்தைப் பற்றவைக்கும் ‘கேப்’ என்ற சின்ன உலோகத் தொப்பியை மாட்டும் முனையின் துளையும் அடைத்துக்கொள்ளும். மறுநாள் காலை விசையை இழுத்தால் ‘டிக்’ என்பதோடு சரி. அன்று சாயங்காலமே வெந்நீர் விட்டுக் கழுவுங்கள். வெளியே வரும் தண்ணீர் கறுப்பு போய்த் தெளியும்வரை ஊற்றி, துணியால் துடைத்து, எண்ணெய் போடுங்கள். வெந்நீருக்குத் தனியாக அடுப்பு மூட்ட வேண்டாம். காபிக்குக் கொதிக்கும் பானையிலிருந்து கேட்டால் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கொடுப்பார்கள்.