பிடித்த படத்தை மற்றவருக்குப் போட்டுக் காட்டும்போது

மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் ஆறேழு பேர் கூடிப் படம் பார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒருவர் தனக்குப் பிடித்ததைக் கொண்டுவர வேண்டும்.

கதையை முன்கூட்டியே சொல்லாதீர்கள். ஆகா ஓகோ என்று ஏற்றிவிடவும் வேண்டாம். இயக்குநர் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) போட்டபோது நான் சொன்னது இவ்வளவுதான்: எழுத்தாளர் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' கதையிலிருந்து பிறந்த படம், வசனம் குறைவு, முகங்களைக் கவனியுங்கள்.

போன்களை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லாதீர்கள். இது எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

முடிந்ததும் டீ. அப்புறம், 'பிடிச்சிருக்கா?' என்று கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்பதோடு பேச்சு நின்றுவிடும். 'எந்த இடம் மனசிலேயே நிக்குது?' என்று கேளுங்கள். அன்று அத்தை ஆற்றங்கரைக் காட்சியைச் சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளைங்களுக்கு இனி யாருடா சோறு போடுவா?" என்றார். அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். பலமுறை பார்த்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

படம் கொண்டுவந்தவர் கடைசியில் பேசட்டும். முதலில் பேசினால் மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள்.

ஒருவருக்குப் பிடிக்கவில்லையா? சரி, எங்கே சலித்தது என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். தம்பி மகன் 'ரொம்ப மெதுவா போகுது' என்ற காட்சியை அப்படித்தான் இரண்டாம் முறை பார்த்தோம். அவன் மாறவில்லை. ஆனால் அடுத்த மாதப் படத்தைத் தானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.