அடிவாரத்தில் வெயில், மேலே இடி: மாலை வெள்ளத்தை மதியத்திலேயே கணிப்பது எப்படி?

கொஸ்லந்தையைத் தாண்டி வெல்லவாயவுக்கு இறங்குகிற பக்கம் எங்கள் வீடு. சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், நல்ல வெயிலில், சப்பாத்துப் பாலத்தருகே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓயாவில், அதாவது எங்கள் மலையாற்றில், குளிக்க இறங்கினேன். தலைக்கு மேல் ஒரு துளி விழவில்லை. பூனாகலைப் பக்கம் பெய்த மழை இறங்கி வந்து வண்டியைக் கொண்டுபோனது. நான் கரையேறியது கெட்டித்தனத்தால் அல்ல. அதற்குப் பிறகு கற்றதைத்தான் எழுதுகிறேன்.

இது மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழைக்கான முறை. வெயில் சரிவுகளைச் சூடாக்க, இருபக்கக் கடற்காற்றும் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்க, பிற்பகலில் முகில் வெடிக்கும். மீரியபெத்தையில் மண்சரிந்த 2014 ஒக்டோபர் 29உம் இந்தப் பருவத்தில்தான் வந்தது. தென்மேல் பருவத்தில் வட்டவளையில் நாள்கணக்கில் பெய்யும் மழைக்கு இது உதவாது.

காலையில்: வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிக்கையில் ஊவாவுக்கு என்ன மில்லிமீற்றர் அளவு சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பிறகு விண்டி (Windy) என்னும் வானிலைச் செயலியில் 700 ஹெக்டோபாஸ்கல் காற்று, அதாவது ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரத்துக் காற்று. அது மணிக்கு 10 கிலோமீற்றருக்கும் குறைவென்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முளைத்த முகில் நகராது. கொட்டுவது முழுவதும் ஒரே ஓயாவில் கொட்டும். பலரும் 'கேப்' (CAPE) என்னும் வெப்பச்சலன ஆற்றலை, அதாவது சூடான காற்றை மேலே தள்ளி முகிலை வளர்க்கும் ஆற்றலைத்தான் பார்க்கிறார்கள். ஏப்ரலில் அது இங்கே பெரும்பாலான நாட்களில் உயர்ந்தே இருக்கும், அதை வைத்து எந்த நாளைப் பிரித்தறிவது? செயலி காட்டும் மழை அளவையும் நான் நம்புவதில்லை. செயலிக்குக் கணிப்புத் தரும் ஐரோப்பியக் கணினி மாதிரியின் ஒரு கட்டமே சுமார் 9 கிலோமீற்றர் அகலம். எங்கள் மலையும் பள்ளமும் அதற்குள் ஒரே மேடாகிவிடும்.

பதினொரு மணிக்கு: வெளியே வந்து மலையைப் பாருங்கள். பூக்கோவாப் போன்ற முகில் அகலத்தைவிட உயரமாகிவிட்டதென்றால் அன்று ஓயாப் பக்கம் வேலை வைக்க வேண்டாம்.

மதியத்துக்குப் பின், செய்மதிப் படம்: நான் வண்டியைத் தொலைத்தது இந்தப் படியில். அன்று மூன்றேகால் மணிக்குப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். பூனாகலைக்கு மேலே வெள்ளையாகப் பெரிய முகில் இருந்தது. படத்தின் மூலையில் 09:30 என்றிருந்தது. காலைப் படம், இந்நேரம் கலைந்திருக்கும் என்று நினைத்தேன். அது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் கூடுதல். ஆக, அது பிற்பகல் மூன்று மணிப் படம். கால் மணி நேரம்தான் பழையது! செயலி உள்ளூர் நேரம் காட்டுகிறதா, பொது நேரம் காட்டுகிறதா என்பதை முதல் நாளே கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் சுவரில் "+5.30" என்று கரியால் எழுதியிருக்கிறேன். மனைவிக்கு அதில் கோபம்தான்.

படத்தில் அகச்சிவப்பு வகையைத் தெரிவுசெய்யுங்கள். சாதாரணப் படம் இருட்டியதும் உதவாது. முகில் உச்சி பூச்சியத்துக்குக் கீழே 60 பாகைக்கும் குளிர்ந்து, அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் பெருத்தால், எங்கள் ஓயாவில் முக்கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் வரும். உங்கள் ஓயாவுக்கு எவ்வளவு என்று நீங்களே குறித்துவைக்க வேண்டும்.

மழைமானி: மேலே தோட்டத்தில் சொந்தக்காரர் இருந்தால் அவர் வீட்டில் ஒன்று வையுங்கள். நேரான சுவருள்ள பிஸ்கட் தகரம் போதும். 1 சென்ரிமீற்றர் தண்ணீர், 10 மில்லிமீற்றர் மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்கிறது. ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தாலும் வெளியேற்றம்தான். லயத்திலிருந்து மச்சான் "அரைத் தகரம்" என்று தொலைபேசியில் சொன்னால் எனக்கு எந்தச் செயலியும் வேண்டாம்.

ஓயா திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும் மேலேறுங்கள். மழைக்கு நடுவே தண்ணீர் சட்டென்று குறைந்தால் இன்னும் வேகமாக ஏறுங்கள். மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

பிற்சேர்க்கை 1: கொத்மலையிலிருந்து ஒருவர், மழையே இல்லாமல் ஆறு ஏறியதாக எழுதியிருந்தார். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு வான்கதவு அறிவிப்புத்தான் முதல். இந்த முறை அதற்குப் பிறகு.

பிற்சேர்க்கை 2: "படத்தில் முகில் அப்புத்தளையில், மழையோ எங்கள் கூரையில்" என்று பண்டாரவளைத் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். அவர் பார்த்தது ஹிமவாரி படம். அந்தச் செய்மதி கிழக்கே வெகு தூரத்தில், 140.7 பாகை நெடுங்கோட்டில் நிற்கிறது. நம்மைச் சாய்வாகப் பார்க்கிறது. உயர்ந்த முகிலின் உச்சி உண்மையான இடத்துக்கு மேற்கே தள்ளித் தெரியும். 15 கிலோமீற்றர் உயர முகில் என்றால் 30 கிலோமீற்றருக்கும் மேல் தள்ளும். ஆகவே முகில் உங்களுக்கு மேற்கே இருப்பதாகத் தெரிந்தால், அது உங்கள் மேலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இதையும் கவனிக்காமல்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், தங்கைக்கு நன்றி.